ஒரு ஜெபம் அளவு சூடு

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் மகள் தோசை சுட்டாள். இதை ஒரு செய்தியாகச் சொல்வதே அவளைக் கொஞ்சம் கேலி செய்யத்தான். பத்தொன்பது வயதில் அவள் அடுப்படிக்கு வந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடைசித் தோசையை எடுத்தவள் கல்லை அப்படியே தூக்கிக் குழாயடியில் பிடித்தாள். முதலில் சுர்ரென்று ஒரு சீறல். முகத்தை மறைக்கிற அளவுக்கு ஆவி. அந்தச் சீறலுக்கு அடியில், தூரத்தில் யாரோ சின்ன மணியை ஒரே ஒரு தடவை தட்டியது போல, ‘டிங்.’

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுச் சீனர் கதவைத் திறந்து பார்த்தார்.

“என்னம்மா, கல்லுதானே?” என்றாள் மகள்.

கல்லைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விளிம்பிலிருந்து நடுவரை நகத்தை ஓட்டினேன். கீறல் இல்லை. நாளைக்கும் தோசை சுடலாம். ஆனாலும் மறுபடி முதலிலிருந்து நகத்தை ஓட்டினேன். “பிரஷர் செக் பண்ணுங்கம்மா” என்று சொல்லிவிட்டு அவள் தட்டோடு உள்ளே போய்விட்டாள். செந்தூலில் பன்னிரண்டாவது மாடி வீடு இது. கீழே ரயில் போகிற சத்தம்கூடப் பஞ்சு வைத்து அடைத்த மாதிரித்தான் மேலே வரும். அவ்வளவு அமைதியில் ஒரு ‘டிங்’ எத்தனை பெரிதாகக் கேட்கும், நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அந்தச் சத்தத்தை இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் ஆபீசில் நாள் முழுக்க அடுத்தவர் சண்டைகளைத் தட்டச்சு செய்துவிட்டு, அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தாள் மாறிப் போனது. மழையைப் பற்றிய எட்டு வரி ஒரு விவாகரத்து வழக்கோடு சேர்ந்து கோர்ட்டுக்குப் போய்விட்டது. அவர்கள் என்னைப் போகச் சொல்வதற்கு முன்னால் நானே போய்விட்டேன். அந்த வாரம்தான் பரமு போன் செய்தாள்.

பரமேஸ்வரி என் பள்ளிக்கூடத்துத் தோழி. ஆறு வருடம் ஒரே பெஞ்சு. கிள்ளானில் அவளுடைய அப்பா வீட்டுக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறை வைத்திருந்தார். அவர் போன பிறகு உறவுக்காரர்கள் எல்லோரும் விற்கச் சொன்னார்கள். பரமு பூட்டை மாற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டாள். புதுக் கேட்டு செய்வதை விட்டுவிட்டுப் பழைய இரும்புச் சாமான்களைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். கோப்பிக்கடை மேசைக் கால்கள், தையல் மெஷின் தாங்கிகள், சுருள் படிக்கட்டு.

“புதுசு யாரு வேணும்னாலும் செய்வான் லா. நின்னுபோனதைத் திரும்ப நிக்க வைக்கிறதுதான்டி எனக்குப் பிடிக்குது. நீ வா. போன் எடு, சாமானைத் துடை, மத்த நேரம் கவிதை எழுது.”

கொம்யூட்டர் ரயில் ஏறிப் போனேன். கவிதை எழுதுகிற கையில் ஸ்பேனர் கொடுத்தால் என்ன ஆகும் என்று அந்தப் பட்டறையின் சிமெண்டுத் தரைக்குத் தெரியும். வார்ப்பிரும்பு பார்க்க யானை மாதிரி இருக்கும். கீழே விழுந்தால் பீங்கான். முதல் எட்டு மாதத்தில் ஒரு தையல் மெஷின் சக்கரத்தையும், படிக்கட்டில் பொருத்த வேண்டிய ஒரு இரும்புப் பூவையும் உடைத்தேன். பரமு ஒரு வார்த்தை சொன்னதில்லை. உடைந்த துண்டுகளை ஜன்னல் பலகையில் வரிசையாக வைத்தாள், அவ்வளவுதான். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தினமும் காலையில் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு, மூன்றாவதாக எதுவும் அங்கே வந்துவிடக்கூடாது என்று வேண்டிக்கொள்வேன்.

ஒரு நாள் ஒரு பழைய வார்ப்பிரும்பு விறகு அடுப்பு லோரியில் வந்தது. முன் சீட்டில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் போல ரோசம்மா ஆன்டி உட்கார்ந்திருந்தார். கிள்ளானுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துத் துரை பங்களாவில் இருபத்திரண்டு வருடம் சமையல் செய்தவர். பங்களாவை இடித்து வீடமைப்புத் திட்டம் வருகிறது என்று கேள்விப்பட்டு, நேரே போய், எனக்கு அந்த விறகு அடுப்பு மட்டும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சிரித்துக்கொண்டே தூக்கிக் கொடுத்துவிட்டார்களாம்.

அடுப்பு வெள்ளி நிறத்தில் இருந்தது. நம் ஊரில் ஓர் இரும்பு ஒரே இடத்தில் ஒரு வாரம் நின்றால் யாராவது வந்து சில்வர் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். கேட்டு, விளக்குக் கம்பம், கல்லறை வேலி, எதுவும் தப்பாது. நான் கொஞ்சம் ஒல்லியாக இருந்த காலத்தில் எனக்கே அந்தப் பயம் இருந்தது. பெயிண்டுக்கு அடியில் துரு கொப்பளம் கொப்பளமாகத் தெரிந்தது. நாய்க்கால் மாதிரி வளைந்த நான்கு கால்கள். இடப்பக்கம் விறகு வைக்கிற வாய், வலப்பக்கம் கேக் வேகிற ஓவன். ஓவன் கதவில் ஏதோ ஒரு கொடி வேலைப்பாடு. அதில் ஒரு குருவி இருக்கிறது என்று ஆன்டி சொன்னார். எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

“இதுல ஜெபம் சொல்லித்தான் கேக் வைப்பேன்” என்றார்.

“கேக்குக்கா ஜெபம்?” என்றாள் பரமு.

“கேக்குக்கு இல்லம்மா, சூட்டுக்கு. கையை உள்ள விட்டு அருள் நிறைந்த மரியே ஆரம்பிப்பேன். பாதியில கை வெளிய வந்துட்டா ரொட்டிச் சூடு. முடியிற வரைக்கும் தாங்கிச்சுன்னா கேக் சூடு. ரெண்டு தடவை சொல்லியும் கை உள்ளயே இருந்துச்சுன்னா நெருப்பு செத்துப்போச்சு, இல்ல நான் செத்துப்போயிட்டேன்.”

பரமு சிரித்த சிரிப்பில் பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஆன்டியும் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, அடுப்பைத் தடவிக்கொண்டே வேறு குரலில் பேசினார். வீட்டுக்காரர் இறந்து மூன்று வருடம். ஜொகூரில் இருக்கும் மகன் வாரம் தவறாமல் வரச்சொல்லிக் கூப்பிடுகிறான். தனியாக எதற்கு, வயசாகிறதே என்கிறான்.

“அவன் வீட்டுல எல்லாம் சுவிட்சு. நான் அங்க போயி என்ன செய்யறது, சுவிட்சைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கறதா? டிசம்பர்ல இந்த அடுப்புல கேக் சுட்டுக் காட்டுறேன்னு சொல்லியிருக்கேன். சுட்டுட்டா அப்புறம் கூப்பிடமாட்டேன்னு அவனே சொல்லிட்டான்.”

விஷயம் இதுதான். அந்த அடுப்பு எரிந்தால் ஆன்டி தன் வீட்டில் இருப்பார். பரமுவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆறு வாரம் வேலை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தும் போல்ட்டுகள் அசையவில்லை. பரமு ஒவ்வொன்றையும் தீயால் சூடாக்கி, தட்டி, கெட்ட வார்த்தை சொல்லி, கெஞ்சி, கடைசியில் கழற்றினாள். வெள்ளிக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் வேறொரு வெள்ளி, அதற்கும் அடியில்தான் கறுப்பு. கம்பி பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நான் ஓவன் கதவையே நான்கு நாள் தேய்த்தேன். மூக்கில் துரு ஏறி சோறுகூட இரும்பு வாசம் அடித்தது. நான்காம் நாள் கொடிக்கு நடுவில் ஒரு அலகு தெரிந்தது. பிறகு ஒரு கண். குருவி இருந்தது. நான் எழுதிய எந்த வரியும் அந்த மாதிரி மெதுவாக வெளியே வந்ததில்லை.

எல்லாவற்றையும் மறுபடி பூட்டினோம். மூட்டுகளைச் சூடு தாங்கும் கறுப்புக் களிம்பால் அடைத்தோம். பென்சில் முனை மாதிரி மினுங்குகிற பாலிஷைத் துணியால் தேய்த்து ஏற்றினோம். அதற்குப் பிறகு மூன்று தடவை தீ வைக்க வேண்டும். முதலில் காகிதமும் சுள்ளியும், அடுத்த நாள் ரப்பர் மரக் கட்டையில் சின்னத் துண்டுகள், மூன்றாவதாக முழுத் தீ. பாலிஷ் இறுகும், களிம்பு காயும், இரும்புக்கும் பழைய பழக்கம் திரும்பும்.

மூன்றாவது தீ ஒரு வெள்ளிக்கிழமை. சூடு வெளியேறாமல் ஓவன் கதவு விளிம்பில் வைக்கிற தீப்பிடிக்காத கயிறு வாங்க, பரமு மத்தியானமே ஷா ஆலம் கிளம்பினாள்.

“தீ தானா ஆறட்டும். நீ பார்த்துக்கிட்டு மட்டும் இரு. ஒண்ணும் செய்யாத. ஒண்ணும் செய்யாதன்னா ஒண்ணும் செய்யாத, சரியா?”

அடுப்பு அழகாக எரிந்தது. புகை முழுக்கக் குழாய் வழியே போனது. ஓவனுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். ஆன்டியின் ஜெபம் எனக்கு முழுதாகத் தெரியாது. நீளமாக மனப்பாடம் இருந்தது தேசிய கீதம்தான். பாடினேன். மூன்றாவது வரியில் கை தானாக வெளியே வந்துவிட்டது. தனியாகச் சிரித்தேன்.

ஐந்தரை மணி. ஆறு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். கட்டைகள் எரிந்து அடங்கிவிட்டன. உள்ளே கங்கு மட்டும் சிவப்பாகக் கிடந்தது. இங்கேதான் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கங்கு இருக்கும் அடுப்பை விட்டுவிட்டு அம்மா எங்கேயும் போகமாட்டார். அணைப்பது என்று சொல்லவும் மாட்டார். அடுப்பைக் குளிர வைப்பது என்பார். உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து மூன்று தடவை தெளித்து, கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எங்கள் வீட்டுக்கு காஸ் வந்த பிறகும் வெள்ளிக்கிழமைகளில் அது நிற்கவில்லை. மூன்று காஸ் அடுப்புகள் துருப்பிடித்துப் போயின. அம்மாவுக்குக் காரணம் கடைசிவரை தெரியவில்லை. மண் அடுப்புக்கு அந்தத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. அது குடித்துவிட்டுப் பேசாமல் இருக்கும்.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். பட்டறையில் ஆள் இல்லை, கங்கு கிடக்கிறது, வெள்ளிக்கிழமை. மரியாதையாகத்தான் செய்தேன். வாளியில் கையை நனைத்தேன். ஒன்று. இரண்டு. இரண்டு தடவையும் தண்ணீர் மேல்தட்டில் முத்து முத்தாக ஓடி மறைந்தது. மூன்றாவது தடவை கை நிறைய அள்ளிவிட்டேன் போல.

டிங்.

விறகு வாய்க்கு மேலே தொடங்கி ஓவன் பக்கம் வரை ஒரு முடி. முடி என்றுதான் நினைத்தேன், துடைக்கப் போனேன். துணி நகர்ந்தது, அது நகரவில்லை. நகத்தை வைத்தேன். நகம் இறங்கியது.

ரயில் போய்விட்டது. நான் தரையில் உட்கார்ந்து ஜன்னல் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரம், பூ, அதற்குப் பக்கத்தில் காலி இடம். அடுப்பு சூடு ஆறியதும் எழுந்தேன். களிம்பை விரல் நுனியில் எடுத்து விரிசலுக்குள் திணித்தேன். மேலே பாலிஷ் தேய்த்தேன். எட்டு மாதமாக வராத பொறுமை அந்தக் கையில் அப்போது எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. முடித்துப் பார்த்தபோது எனக்கே இடம் தெரியவில்லை. என் வாழ்நாளில் நான் அவ்வளவு சுத்தமாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

பரமு வந்தாள். கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அடுப்பைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள்.

“டி… ராணி மாதிரி நிக்குது டி.” என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “உனக்கும் கை வந்திருச்சு பாரு. எல்லாம் சரியாத்தானே இருக்கு? நாளைக்கு ஆன்டி வீட்டுக்கு ஏத்திடலாமா?”

“சரியா இருக்கு. ஏத்திடலாம்.”

இரண்டே வாக்கியம். மழைக் கவிதையைக்கூட நான் அவ்வளவு சுருக்கமாக எழுதியதில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் ஆன்டி போன் செய்தார். எடுத்தது நான். “அடுப்பு அம்சமா இருக்கும்மா. ஆனா கேக் நடுவுல உட்காந்துபோகுது. சூடு ஏறினதா இல்லையான்னு கைக்குப் பிடிபடல” என்றார். நெருப்பில் பாலிஷுக்கு அடியில் களிம்பு உதிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே குளிர்ந்த காற்று உள்ளே போகிறது, ஓவனில் சூடு நிற்கவில்லை. கேட்டவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. “புதுப் பாலிஷ் இல்லையா ஆன்டி, கொஞ்சம் பழகணும்” என்றேன். முதல் பொய் பயத்தில் வந்தது. இரண்டாவது பொய்க்கு அந்தச் சாக்குகூட இல்லை.

அடுத்த வாரம் மறுபடி போன். ரெண்டு ஜெபம் சொல்லியும் கை உள்ளேயே இருக்கிறதாம். சீனி வியாதி நரம்பைத் தின்றுவிட்டது போலிருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். கிளினிக் போகப்போகிறாராம். நான் “ம்” என்றேன். அந்த “ம்”மை இன்றைக்கும் நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால் வந்த போனைப் பரமு எடுத்தாள். நிறைய நேரம் கேட்டாள், கொஞ்சம் பேசினாள், மெதுவாக வைத்தாள்.

“ஆன்டிக்குக் கையில உணர்ச்சி போயிடுச்சாம். சூடே தெரியலையாம். நெருப்போட தனியா விடமுடியாதுன்னு மகன் நாளைக்கு வந்து ஜொகூருக்குக் கூட்டிட்டுப் போறான். அவங்களும் சரின்னுட்டாங்க.”

அப்போது சொன்னேன். தண்ணீர், மூன்று தடவை, களிம்பு, பாலிஷ், போனில் சொன்னது, எல்லாவற்றையும். பரமு ஜன்னலுக்குப் போய் அந்த உடைந்த சக்கரத்தை எடுத்தாள், பார்த்தாள், திரும்ப வைத்தாள்.

“உடைச்சதுக்கு நான் உன்னை எப்பவாவது கேட்டிருக்கேனா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன்டி?”

 அவள் கேட்காததால்தான் என்று ஒரு பதில் வரும். அதுவும் அவள் மேல் பழி போடுவதுதான்.

“என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது. வேன்ல ஏறு.”

ஆன்டி வீட்டு வாசலில் வேனை நிறுத்திவிட்டு அவள் இறங்கவில்லை. “நான் வந்தா நீ என் மூஞ்சியைப் பார்த்துப் பேசுவ. தனியா போ” என்றாள்.

பின்கட்டில் தகரக் கூரைக்கு அடியில் அடுப்பு இல்லை. சிமெண்டில் நான்கு நாய்க்கால் தடமும் கொஞ்சம் சாம்பலும் இருந்தன. முந்தின நாள், மைக்கில் கூவிக்கொண்டு வருகிற பழைய பேப்பர், பழைய இரும்பு லோரியை நிறுத்தி ஏற்றிவிட்டுவிட்டாராம். “அது பாவம், என்கிட்ட இருந்து என்ன செய்யும்” என்றார். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே எனக்கு ஒரு நாற்காலி போட்டார். நான் உட்காராமலே சொன்னேன். வண்டியில் மனதுக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது. முன்னும் பின்னுமாகச் சொன்னேன்.

ஆன்டி தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு சிரித்தார். கேலியே இல்லாத சிரிப்பு.

“பரமு சொல்லி அனுப்பினாளா?”

“இல்ல ஆன்டி, நிஜமா. ஓவனுக்கு மேல விரிசல் இருந்துச்சு. உங்க கைக்கு ஒண்ணும் இல்ல.”

“இருபத்திரண்டு வருஷம் அதைத் துடைச்சவ நான். விரிசல் விட்டா எனக்குத் தெரியாதா?”

அவ்வளவு நன்றாக மறைத்திருந்தேன். அடுப்பே இல்லாத இடத்தில் எதைக் காட்டுவேன்?

“கிளினிக்ல ஊசி குத்திப் பார்த்தாங்களா? வலிச்சுச்சா?”

“வலிச்சுச்சு.”

“அப்போ கைக்கு உணர்ச்சி இருக்குதானே?”

“அது ஊசிம்மா. இது நெருப்பு.”

தண்ணீர் சுடவைத்துக் காட்டுகிறேன் என்றேன். காஸ் சிலிண்டரைக் காலையிலேயே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாராம். வேறு வழி தெரியாமல் அவர் வலது கையை எடுத்து என் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டேன். சூடாக இருந்தது. என் கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “ஐஸ் மாதிரி இருக்கு, புள்ள” என்றார். இதோ தெரிகிறதே ஆன்டி, என்றேன். அதற்கும் சிரித்தார். நான் அவருக்காக எவ்வளவு பாடுபடுகிறேன் என்கிற சிரிப்பு.

அந்த வரிசை வீடுகள் இன்று இல்லை. சாலையை அகலப்படுத்திவிட்டார்கள், நாய்க்கால் தடம் இருந்த இடத்துக்கு மேலே ஒரு பாலத்தின் தூண் நிற்கிறது. பட்டறை இருந்த இடத்தில் காசு போட்டுத் துணி துவைக்கிற கடை. அந்தப் பக்கம் போனால் சோப்பு வாசத்தோடு வெந்த காற்று முகத்தில் அடிக்கும். ஜன்னல் பலகை எங்கே போனது என்று தெரியாது. நான் அடுத்த மாதமே ஆபீஸ் வேலைக்குத் திரும்பினேன்; பரமு இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இப்போது தீபாவளிக்கு ஒரு விளக்குப் படம் அனுப்புகிறாள், நானும் ஒன்று அனுப்புகிறேன். ஜொகூர் நம்பர் ஒன்று என் பழைய டைரியில் இருந்தது. ஒரு தடவைகூட அழைக்கவில்லை. ரோசம்மா ஆன்டி அங்கே எதையாவது சமைத்தாரா, கடைசிவரை சுவிட்சையே தொட்டுக்கொண்டிருந்தாரா, தெரியாது. அந்தக் குருவி எந்த உலையில் உருகி எந்த வீட்டுக்குக் கம்பியாகப் போனதோ, அதுவும் தெரியாது.

அன்று ஆன்டி கேட்டு வரை வந்தார். சில்வர் பெயிண்ட் அடித்த கேட்டு. வேனுக்குள் பரமு நேரே முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “வரேன் ஆன்டி” என்றேன். அவர் அந்தக் கையால்தான் என் கன்னத்தைத் தட்டினார்.

“மனசு நல்ல மனசும்மா உனக்கு. ஆனா பொய் சொல்லப் பழகாத. உனக்கு மூஞ்சிலயே தெரிஞ்சிடுது.”